பங்கு வெப்சைட்டும் பதினொரு மரணங்களும்

கணபதி, கோயம்புத்தூர்
5.11.2025, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஜேக் அவர்களுக்கு, மாமனார் கிளமென்ட் எழுதிக்கொண்டது. இயேசுவுக்கே புகழ். இங்கு நானும் உங்கள் அத்தை ஜெபராணியும் தேவ கிருபையால் சுகம். அத்தை சுகமாக மட்டுமல்ல, உயிரோடும் இருக்கிறாள். இதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது கீழே தெரியவரும். பெங்களூரில் தாங்களும் லின்சியும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள அவளுக்குச் சொல்லவும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். சனிக்கிழமை பகலிலிருந்து என் போனும் லேப்டாப்பும் அத்தையின் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருக்கின்றன. சாவி அவள் இடுப்பில். பேனாவும் காகிதமும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அவற்றால் யாரும் சாக மாட்டார்கள் என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் ஆகஸ்டில் ஆரம்பித்தது. எங்கள் கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஃபாதர், "நம்ம கோயிலுக்கு ஒரு வெப்சைட் வேணுமுங்க" என்றார். என் மாப்பிள்ளை பெங்களூரில் அதே வேலைதான் செய்கிறார் என்று நான் எழுந்து சொன்னேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். பேரவைத் துணைத் தலைவர் தாமஸை உங்களுக்குத் தெரியும். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். உங்கள் கல்யாணத்தன்று ஜெனரேட்டர் நின்றுபோனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை ஓட வைத்தவர் அவர்தான். அவர் உட்கார்ந்தபடியே, "மாப்பிள்ளை டாக்டருன்னா மாமனாரு ஊசி போடலாமுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மில்லின் டைம் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம், ஆயிரத்து இருநூறு பேர் வந்ததையும் போனதையும் ஒரு நிமிடப் பிசகில்லாமல் பதிந்தவன் நான். "நானே செய்யறேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே தாங்கள் போனில் பொறுமையாகச் சொன்னீர்கள். "மாமா, மொதல்ல சின்னதா ஆரம்பிங்க, நாலு பக்கம் போதும். டெம்ப்ளேட்டுல, அதான் ரெடிமேடா வர்ற அச்சுல, அவங்க வெச்சு அனுப்பற சாம்பிள் எழுத்தையும் சாம்பிள் படத்தையும் ஒன்னு விடாம எடுத்துருங்க. போட்டோவைச் சுருக்கிப் போடுங்க. எல்லாத்தையும் போன்லயும் ஒருக்கா தொறந்து பாருங்க. யாராச்சும் எழுதி அனுப்பற எடம் வெச்சீங்கன்னா, நீங்களே எழுதி அனுப்பி, வருதான்னு சோதிங்க. ஆளுங்க வெவரத்தை அவங்களைக் கேக்காம போட்டுறாதீங்க. எதையும் வெளியிடறதுக்கு முன்னாடி இன்னொருத்தரு கண்ணு பாக்கட்டும்." ஒவ்வொன்றையும் டைரியில் நிறுத்தி எழுதிக்கொண்டேன். சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டதுமே அதையெல்லாம் பின்பற்றியாகிவிட்டது போல ஒரு நிம்மதி வந்துவிட்டது. அங்கேதான் பிசகு.

நாலு பக்கம் என்றீர்கள். நான் எழுத எழுத நாற்பத்தொன்று ஆயிற்று. கோயில் கிணற்றுக்கு ஒரு பக்கம், பழைய கிணற்றுக்கு ஒரு பக்கம். திறந்தவுடன் மணி அடிக்கிற மாதிரியும், இரண்டு புறா பறந்து வந்து ஃபாதர் தலைமேல் உட்காருகிற மாதிரியும் வைத்தேன். ஒரு நாள் ஃபாதர், சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு கணவன் மனைவிக்கு அறிவுரை சொல்லும்போது, கைதவறி இணையதளத்தைத் திறந்துவிட்டார். மணி அடித்ததும் இருவரும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு சண்டை தொடரவில்லை என்பதால் அதை நான் வெற்றியாகவே கணக்கில் வைத்தேன். போட்டோக்களை என் கேமராவில் எடுத்தபடியே முழு அளவில் ஏற்றினேன். சுருக்கினால் ஃபாதர் ஒல்லியாகிவிடுவார் என்று பயம். உங்கள் அத்தை போனில் திறந்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க, மாலையில பத்து மணி உருட்டி முடிச்சுட்டேன். இன்னும் ஃபாதரு நெத்திதான் வந்திருக்குது" என்றாள்.

பேரவை உறுப்பினர்கள் பக்கம் அடுத்த வினை. டெம்ப்ளேட்டில் ஆறு படங்கள் இருந்தன. ஐந்து பேர் போட்டோ கொடுத்தார்கள். தாமஸ் மட்டும், "எம்பட மூஞ்சியப் பாக்கோணும்னா ஒர்க்ஷாப்புக்கு வரட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் அவருடைய கட்டத்தில் பெயரை மட்டும் மாற்றினேன். படம் டெம்ப்ளேட்டுடன் வந்ததே இருந்தது. கோட்டும் டையும் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரர். கீழே 'திரு. தாமஸ், துணைத் தலைவர்'. ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பெண்கள் ஃபாதரிடம் போய், அந்த வெளிநாட்டு ஐயா எந்தப் பூசைக்கு வருகிறார் என்று விசாரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூட விடுங்கள். பிரார்த்தனைகள் பக்கத்தில் 'தினம் ஒரு ஜெபம்' என்று தலைப்பு வைத்துவிட்டு, கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தேன். அந்த இடத்தில், இடம் காட்டுவதற்காக டெம்ப்ளேட்காரர்கள் வைத்திருந்த எழுத்து இருந்தது. லோரம் இப்சம் டோலார் சிட் அமெட் என்று ஆரம்பிக்கும். அதற்கு அர்த்தம் கிடையாது என்று தாங்கள் பிறகு சொன்னீர்கள். ஆனால் பார்க்க லத்தீன் மாதிரியே இருக்கிறது, மாப்பிள்ளை. எங்கள் பாடகர் குழுத் தலைவர் செபஸ்தி துடியலூரிலிருந்து வருகிறவர், பழைய வழிபாட்டில் மிகுந்த பற்றுள்ளவர். அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், இரண்டு வாரம் உட்கார்ந்து மெட்டமைத்து, நான்கு குரலில் பிரித்து, மறைபரப்பு ஞாயிறு அன்று காணிக்கைப் பாடலாகப் பாட வைத்துவிட்டார். ஆர்மோனியம் அற்புதம். மக்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அன்று விருந்தினராக வந்திருந்த ரிட்டயர்டு ஃபாதர் ஒருவர் ரோமாபுரியில் படித்தவர். பாட்டு முடியும்வரை தலையைக் குனிந்தே இருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. உருகி அழுகிறார் என்றுதான் நினைத்தோம். பிறகு செபஸ்தியைக் கூப்பிட்டு, "அர்த்தம் ஒன்னுமில்லீங்க. ஆனா சுருதி சுத்தமா இருந்துச்சு" என்றாராம். செபஸ்தி என்னோடு பேசி இரண்டு வாரம் ஆகிறது.

இருந்தும் நான் கலங்கவில்லை. அக்டோபர் கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் மக்கள் எழுதி அனுப்ப வசதி செய்திருக்கிறேன், ஒரு மாதமாக ஒரு புகார்கூட வரவில்லை என்று பெருமையாக அறிக்கை வாசித்தேன். கைதட்டினார்கள். தாமஸ் மட்டும் தட்டவில்லை.

இனிமேல்தான் சொல்லக் கூசுகிற பகுதி. ஞாயிறு கல்லறைத் திருநாள். இந்த ஆண்டு இறைவனில் இளைப்பாறும் நம் பங்கு மக்கள் என்று ஒரு பட்டியல் போடும்படி ஃபாதர் சொன்னார். மொத்தம் பதினொரு பேர். பங்கு மக்கள் எல்லோருடைய பெயரும் இருக்கிற எக்செல் தாளை எடுத்தேன். ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் இறந்த தேதி. பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் அழகாயிருக்குமே என்று பெயர்ப் பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினேன். பெயர்கள் எல்லாம் மேலும் கீழும் நகர்ந்துவிட்டன. தேதிகள் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்து, வேறு வேறு பெயர்களுக்கு நேராக வந்துவிட்டன. அப்புறம் தேதி உள்ளவர்களை மட்டும் எடுத்து, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெளியிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். இன்னொருவர் கண் பார்க்க வேண்டும் என்பது டைரியில் சிவப்புக் கோட்டோடு இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருந்த இன்னொருவர் உங்கள் அத்தை. அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பட்டியலில் ஏழாவது பெயர் அவளுடையதுதான்.

குளித்துச் சாப்பிட்டு, பத்தரை மணிக்குக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக் குரல். எதிர் வீட்டுப் பழனாத்தாள் ஒரு பெரிய தூக்குப் போசியோடு நின்றிருந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று சோறாக்கி எடுத்து வந்திருக்கிறார். கதவைத் திறந்தது உங்கள் அத்தை.

"ஏனுங் அம்மணி," என்று அவர் அத்தையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நீங்க தவறிப்போயிட்டீங்கன்னு பூக்கடையில பேசிக்கிட்டாங்க. நான் அழுதுட்டே தக்காளி சோறு ஆக்கிட்டு வந்துபோட்டேன்."

"அதனால என்னங்க, உள்ள வெய்யுங்க. இருக்கறப்பவும் சாப்புடலாமுங்க" என்றாள் அத்தை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பீரோ திறந்து மூடிய சத்தம் கேட்டது.

அதற்குள் ஃபாதர் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். பதினொரு பேரில் ஒன்பது பேர் காலைப் பூசைக்கு வந்து நற்கருணையும் வாங்கிப் போயிருந்தார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பதினோராவது பெயர் தாமஸ், அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மாப்பிள்ளை, இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாமஸின் மனைவி காலமாகி எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜெனிஷா. அவளுக்கு நான்தான் ஞானத்தந்தை, நான்தான் ஞானஸ்நானத் தொட்டியடியில் ஏந்திக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் பாலக்காட்டுப் பையன் சசிதரை, இந்துப் பையன், ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து தாமஸ் அவள் போனை எடுத்ததில்லை. அவர் முன்னால் அவள் பெயரை யாரும் சொன்னதுமில்லை. இரண்டு முறை அவள் என்னைக் கூப்பிட்டாள். இரண்டு முறையும் நான் எடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டம் எதுவும் இருக்கவில்லை.

நாங்கள் போனபோது ஒர்க்ஷாப் வாசலில் மோட்டார் வியாபாரிகள் சங்கம் கொண்டுவந்த மலர்வளையம் சுவரில் சாய்ந்திருந்தது. சங்கத்துக்காரர்கள் நாலு பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தாமஸ் பனியனோடு முக்காலியில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க கிளமென்ட். எத்தனை மணிக்கு எடுக்கறீங்கன்னு சொன்னீங்கன்னா குளிச்சு ரெடியாயிருவேனுங்க" என்றார்.

ஃபாதர் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். தாமஸ் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "இல்லீங்க ஃபாதர். மொதல்ல எம்பட எடத்துல ஒரு வெள்ளக்காரனைக் கொண்டாந்து வெச்சாரு. சரி, போச்சாதுன்னு இருந்தேன். இப்ப என்னையே எடுத்துப்போட்டாரு" என்றார். நான் கையைக் கூப்பினேன்.

அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாலக்காட்டு பஸ் வந்து நிற்கிற உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்டோ. ஜெனிஷா இறங்கினாள். தலை கலைந்து, கண்ணெல்லாம் வீங்கி, செருப்புகூட ஜோடி மாறியிருந்தது. மலர்வளையத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் முக்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அங்கேயே, தெருவிலேயே, மடிந்து உட்கார்ந்துவிட்டாள். தாமஸ் எழுந்தார். முன்னால் ஒருமுறை ஒர்க்ஷாப்பில் பாதிக் கூரை சரிந்தபோதுகூடக் கட்டிக்கொண்டிருந்த காயிலை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தவர் அவர். இப்போது கையிலிருந்த செம்புக் கம்பி நழுவி, சுற்றியதெல்லாம் பிரிந்து காலடியில் விழுந்ததை அவர் பார்க்கவே இல்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு நாலு வயதுப் பெண்குழந்தை, பேர் நித்யஸ்ரீ, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தாமஸை மேலும் கீழும் பார்த்தது. "அம்மா, செத்துப்போன தாத்தா இவரா?" என்று கேட்டது.

தாமஸ்தான் பதில் சொன்னார்: "ஆமா கண்ணு. இப்பத்தான் எந்திரிச்சேன்."

பிறகு மகளிடம், "எத்தனை மணி பஸ்சுல வந்தே அம்மணி? சாப்புட்டியா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

சசிதர் ஆட்டோ பக்கத்திலேயே நின்றிருந்தான். உக்கடத்தில் வாங்கிய பெரிய ரோஜா மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான். தாமஸ் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏனுங்க, ஆட்டோவ எதுக்கு நிக்க வெச்சிருக்கீங்க. அனுப்பிச்சுட்டு வாங்க" என்றார். அவன் பக்கத்தில் வந்ததும், "வாங்கிட்டு வந்ததை எதுக்குங்க மறைக்கறீங்க, போடுங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்தார். பையன் மாமனாருக்கு மாலை போட்டான். சங்கத்துக்காரர்களில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, இது தட்டுகிற இடம்தானா என்று சந்தேகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே போய்த் தண்ணீர் குடித்த பிறகு ஜெனிஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா எந்தப் போட்டோவுலயாச்சும் நிக்கறாரான்னு கோயில் வெப்சைட்டைத் தெனமும் தொறந்து பாப்பேனுங்க ஞானப்பா. அவரு எடத்துல வேற யாரோ படம். பயந்துபோயி, அப்பா நல்லா இருக்காரான்னு அந்தத் தொடர்புப் பக்கத்துல மூணு தடவ எழுதி அனுப்பிச்சேன். பதிலே இல்ல. இன்னைக்கு அந்தப் பட்டியலைப் பாத்தேன். கீழ உருவாக்கியவர்னு உங்க பேரு இருந்துச்சு. நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னுதான் கெளம்பி வந்துட்டேன்" என்றாள்.

அந்த மூன்று கடிதங்களும், அதோடு ஊர்க்காரர்கள் ஒரு மாதமாக அனுப்பிய அத்தனை புகார்களும், டெம்ப்ளேட்டில் மாதிரிக்காகப் போட்டிருந்த ஏதோ ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. நானே ஒரு தடவை எழுதிச் சோதித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். கண்டுபிடித்திருந்தால் அவளுடைய முதல் கடிதத்துக்கே 'தந்தை நலம்' என்று ஒரு வரி பதில் போட்டிருப்பேன். அவளும் பாலக்காட்டிலேயே இருந்திருப்பாள். இதைத் தங்கள் விதிகளுக்கு எதிராகச் சொல்லவில்லை. விதிகள் சரிதான். எனக்கு மனதில் பட்டதை மட்டும் எழுதினேன்.

ஞாயிறு கல்லறைப் பூசையில் ஃபாதர் உண்மையில் இறந்த பதினொரு பேரின் பெயரை வாசித்துவிட்டு, பிறகு உயிரோடிருக்கும் பதினொரு பேரின் பெயரையும் தனியாக வாசித்தார். ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டார்கள். தாமஸ் பேத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். உங்கள் அத்தை மட்டும் எழவில்லை. "நான் இருக்கறதை ஊட்டுல போயிக் காட்டிக்கறேன்" என்று என் காதில் சொன்னாள்.

பேரவை கூடி, தளத்தை உடனே எடுத்துவிட வேண்டும், வேலை தெரிந்தவர் ஒருவர் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. தாமஸ்தான் முன்மொழிந்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நேற்று அத்தை லேப்டாப்பைக் கால் மணி நேரம் மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்து, நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் அடியோடு அழித்துவிட்டேன். இனி என் வாழ்நாளில் வெப்சைட் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பீடத்தின் முன் சொல்லியாகிவிட்டது. ஆகவே தாங்கள் தயவுசெய்து, நாலே பக்கத்தில், சின்னப் போட்டோக்களோடு, கிறிஸ்துமஸுக்குள் ஒன்று கட்டித் தர வேண்டும். பொறுப்பானவர் கையில் போகிறது என்ற நிம்மதியில் இன்றுதான் ஒழுங்காகத் தூங்கப் போகிறேன்.

லின்சிக்கு என் முத்தங்கள். தங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். எல்லாம் வல்ல இறைவன் தங்கள் தொழிலைக் காத்துப் பெருக்குவாராக. அன்னை மரியாளின் நிழல் தங்கள் இருவர்மேலும் இருப்பதாக.

என்றும் அன்புள்ள மாமனார்,
கிளமென்ட்

பி.கு. உறையை ஒட்டப் போன நேரத்தில் லின்சி அத்தையின் போனுக்குக் கூப்பிட்டாள். கோயில் தளம் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதாம். கோயிலுக்கு இணையத்தில் தனி இடம் வாங்குகிற வரைக்கும் என்று தங்கள் கம்பெனிக் கணக்குக்குள்ளேயே எனக்கு நுழைய வழி கொடுத்திருந்தீர்களாமே, எனக்கு ஞாபகமே இல்லை. நேற்று திரையில் இருபத்திரண்டு பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் நம் கோயில் பக்கங்கள் என்று நினைத்து மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் நிச்சயம் என்றேன், அத்தை சாட்சி. அத்தனையும் தங்கள் வாடிக்கையாளர்களுடைய தளங்களாம், நம் கோயில் அடுத்த திரையில் இருந்திருக்கிறது; அழித்ததில் ஒரு பல் ஆஸ்பத்திரியும், இரண்டு பள்ளிக்கூடமும், ஒரு கல்யாண மண்டபமும் இருந்தனவாம். தாங்கள் காலையிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக லின்சி சொன்னாள். மனதைத் தளரவிட வேண்டாம். இருபத்திரண்டையும் திரும்பக் கட்டத் தங்களுக்கு ஒத்தாசையாக, சனிக்கிழமை ரயிலில் நானே புறப்பட்டு வருகிறேன்.